ஒத்து அறுபடாமல் ஒரு மெமரி கார்டு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு மாதம் ஒரு முறையாவது போய்வர வேண்டியிருக்கும்; அத்தை வீடு அங்கே இருக்கிறது. திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்தச் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான் என்றாலும், பேருந்துகளுக்கும் நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கும் வழிவிட்டுப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஒரு மணி நேரத்துக்கென்றே சென்ற ஆண்டு ஒரு மெமரி கார்டைத் தயார் செய்தேன். எங்கள் கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் அப்பா தம் கையாலேயே கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்த நாகசுர வாசிப்புகள் அதில் இருந்தன. முதல் நாள் தோடி ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. நரசிங்கம்பேட்டையை நெருங்கும்போது, தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்தாயியில், நின்றுகொண்டிருந்த நாயனம் சட்டென்று அறுந்தது. ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதே தோடி, ராகத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய், கீழே மந்திர ஸ்தாயியில் மெல்ல எழும்பத் தொடங்கியது.

"என்ன தம்பி, பாதியில நாயனத்தப் புடுங்கிட்டான்?" என்று கேட்டார் அப்பா.

கார்டில் பாட்டு ஏற்றிக் காரில் போடுவதற்குத் தனியாக என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அதுவரை நானும் எண்ணியிருந்தேன். கேசட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கணினியில் ஏற்றி, முன்னும் பின்னும் தாவ வசதியாக இருக்கும் என்று பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, கார்டில் கொட்டியிருந்தேன். வெட்டிய இடம் ராகத்தின் நடுவில் விழுந்ததா என்று பார்க்கவில்லை. துண்டுகள் எந்த வரிசையில் ஒலிக்கும் என்றும் பார்க்கவில்லை. அவை வரிசையாகத்தான் வரும் என்று நம்பியது என் தவறு. அன்று முதல் ஆறு மாதம் அந்தக் கார்டைச் சரி செய்வதில் கழிந்தது. வீட்டில் இதே போன்ற கேசட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றைக் காரில் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், செய்ததை எழுதி வைக்கிறேன்.

அடிப்படைச் சிக்கல் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். காரில் உள்ள பிளேயர் மூன்று, நான்கு நிமிடப் பாடல்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கருவி. ஒரு கோப்பு முடிந்தால் ஒரு பாடல் முடிந்தது என்பது அதன் கணக்கு. இடையில் ஒரு நொடி ஓய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டிலும் இதே நெருக்கடி இருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஒலி கொள்ளும். தோடியை இரவு முழுவதும் வாசிக்க வல்லவர் என்று பெயர் பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் (1898-1956) இசைத்தட்டுக்கென்று வாசித்தபோது அந்த அளவுக்குள் ராகத்தை அடக்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று தட்டில் இடமில்லை. இன்று நகத்தின் அளவே உள்ள கார்டில் நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கு இடமிருக்கிறது; ஆனால் கருவியின் எண்ணம் மட்டும் மூன்று நிமிடத்திலேயே நிற்கிறது. எனவே நீண்ட ராகத்தை அது உடைக்காமல் வாசிக்கும்படி நாம்தான் கார்டைக் கட்ட வேண்டும்.

கைப்பேசியை புளூடூத்தில் இணைத்துவிட்டால் போயிற்று என்று என் தம்பி சொன்னான். அதையும் செய்து பார்த்தேன். ஆலாபனையின் நடுவே அழைப்பு வந்தால் நாயனம் நின்று மணி ஒலிக்கிறது. வயல்வெளிகளுக்கு நடுவே செல்லும் உட்சாலைகளில் இணையம் விட்டுவிட்டு வருகிறது. கார்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தால், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. பென் டிரைவிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் முன்னிருக்கையில் ஏறி இறங்குகிறவர்களின் முழங்கால் பட்டு ஒரு முறை வளைந்துபோயிற்று. கார்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

இனி கேசட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். மொத்தம் 31 கேசட்டுகள். 1983 முதல் 1995 வரையிலான திருவிழாக்களில் பதிவானவை. அப்பா அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். பேட்டரியில் ஓடும், உள்ளேயே மைக் பொருத்திய சிறிய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, சுவாமி புறப்பாட்டின்போது அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு மேளத்தின் கூடவே நடந்திருக்கிறார். புறப்பாட்டுக்கென்று வாசிக்கும் மல்லாரியில் தொடங்கி, தேரடியில் ராகம், கீழவீதி முனையில் மறுபடி ராகம், பிறகு கீர்த்தனை, தவில் தனி என்று இரவு வளர்வதை இந்தக் கேசட்டுகளில் கேட்கலாம். அந்த வகை ரெக்கார்டரில் ஒலியின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் வேலையை இந்தப் பதிவுகளில் துல்லியமாக உணர முடியும். வாண வேடிக்கையில் ஒரு அதிர்வேட்டு வெடிக்கிறது. வெடித்ததும் நாயனமும் தவிலும் கிணற்றுக்குள் இறங்கினாற்போல அமுங்கிவிடுகின்றன. பிறகு மூன்று, நான்கு நொடிகளில் படிப்படியாக மேலே ஏறி வந்து பழைய இடத்தில் நிற்கின்றன. இதை மென்பொருள் கொண்டு சமன் செய்யலாமா என்று சில நாள் முயன்று, கைவிட்டேன். வெடியைக் குறைத்தால் அமுங்கிய இடம் தனியாகத் தெரிகிறது. அமுங்கிய இடத்தைத் தூக்கினால் டேப்பின் இரைச்சலும் சேர்ந்து எழுகிறது. அப்படியே விட்டதுதான் நன்றாக இருக்கிறது.

கணினியில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் தலையை ஒட்டி ஒரு சிறு திருகு இருக்கும். பதிவு செய்த கருவியின் தலையும் நாம் வாசிக்கும் கருவியின் தலையும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ஒலியின் மேற்பகுதி மங்கிப் போகும். நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியில் எழும் கூர்மை போய், கம்பளிக்கு அப்பால் கேட்பது போலிருக்கும். அந்தத் திருகைச் சிறிய ஸ்குரூ டிரைவரால் மயிரிழை அளவு திருப்பிக்கொண்டே கேட்டால், ஓரிடத்தில் சாளரம் திறந்தது போல ஒலி தெளிகிறது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியே செய்தேன். பிறகு டெக்கின் வெளியீட்டைக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதிவு செய்துகொண்டேன். மூலப் பதிவு ஒற்றைத் தடம் என்பதால் ஒற்றைத் தடமாகவே எடுத்தேன். நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வரும் இந்த வேவ் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் தனித்தனியே இருக்கின்றன. காரில் ஓடுவது நகல் மட்டுமே. அந்தக் கார்டு நாளைக்குத் தொலைந்தாலும் கவலை இல்லை.

சுருதியில்தான் பெரிய சோதனை காத்திருந்தது. 1987 ஆம் ஆண்டுக் கேசட் ஒன்றில் ராகம் போகப்போகச் சுருதி உயர்ந்துகொண்டே வந்தது. வாசித்தவரின் பிழையாக இருக்க முடியாது. சுருதிக்காக இடைவிடாமல் ஊதப்படும் துணைக்குழலான ஒத்தும் கூடவே உயர்ந்தது. அப்பாவிடம் கேட்டபோது, அந்த ஆண்டு பேட்டரி தீர்ந்துபோய் நடுவில் பதிவு நின்றது அவருக்கு நினைவுக்கு வந்தது. பேட்டரி தளரத் தளர, பதிவாகும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதையே சரியான வேகத்தில் இன்று ஓட்டும்போது சுருதி ஏறிக் கேட்கிறது. சரி செய்யலாம், ஆனால் எந்த அளவுக்கு? அதற்கு வழிகாட்டியது கோயில் மணி. 31 கேசட்டுகளில் பத்துக்கும் மேற்பட்டவற்றில் தீபாராதனை மணி ஒலிக்கிறது. அது ஒரே மணி. அதன் நாதம் 1983-லும் 1995-லும் ஒன்றுதான். புதிய பேட்டரியுடன் தொடங்கிய கேசட்டுகளில் மணியின் நாதம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, சந்தேகமுள்ள கேசட்டில் மணி கேட்கும் இடத்தை அதனோடு ஒப்பிட்டு, ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியைக் கொண்டு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று குறைத்துச் சரி செய்தேன். 1987 கேசட்டை மட்டும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு சரி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

கார்டுக்கான கோப்பு வடிவமாக எம்பி3-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஃபிளாக் போன்ற இழப்பில்லா வடிவங்கள் தரத்தில் மேலானவைதான். ஆனால் என் காரில் உள்ள பிளேயர் அவற்றைப் படிக்காது. வண்டி ஓடும் இரைச்சலில், அதுவும் நாற்பது ஆண்டுப் பழைய கேசட்டில், அந்த வேறுபாடு என் காதுக்கு எட்டவில்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் உருவாகி, 1995-ல் அந்தப் பெயரைப் பெற்ற எம்பி3, இன்று எந்தக் கருவியில் செருகினாலும் ஒலிக்கிறது. ஒற்றைத் தடத்துக்கு விநாடிக்கு 128 கிலோபிட் தாராளமாகப் போதும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம், அதாவது 45 நிமிடம், ஏறத்தாழ 43 மெகாபைட்டில் அடங்குகிறது. அந்தக் கணக்கில் 32 ஜிபி கார்டில் 550 மணி நேரத்துக்கும் மேல் கொள்ளும். ஆகவே பெரிய கார்டு வாங்க வேண்டிய தேவையே இல்லை. 32 ஜிபி வரையிலான கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. பழைய கார் பிளேயர்களுக்குப் பெரும்பாலும் அது ஒன்றுதான் புரியும். அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருவதால், செருகியவுடன் கார்டு இல்லை என்றே சில பிளேயர்கள் சொல்லிவிடும்.

இதை அறியாமல் முதலில் நான் ஒரு கடையில் 64 ஜிபி கார்டு வாங்கி ஏமாந்த கதையும் உண்டு. விலை குறைவாக இருந்தது. உறையும் நன்றாகத்தான் இருந்தது. ஃபேட்32-க்கு மாற்றி எல்லாவற்றையும் ஏற்றியபோது கணினி ஒரு பிழையும் காட்டவில்லை. ஆடுதுறை தாண்டியதும் பிளேயர் ஒரு கோப்பைப் படிக்க இயலவில்லை என்றது. அடுத்ததையும் அப்படியே சொன்னது. வீட்டுக்கு வந்து சோதித்தால், கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. 64 என்று பொய்க் கணக்குக் காட்டும்படி அதை மாற்றியமைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டி எழுதியது எதுவும் தங்குவதில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்றொரு சிறிய இலவச நிரல் இருக்கிறது. அது கார்டு முழுவதையும் நிரப்பி எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிய கார்டு எதுவானாலும் அந்தச் சோதனை முடியாமல் அதில் ஒரு ராகத்தையும் நான் இப்போது வைப்பதில்லை.

அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாகசுரக் கச்சேரியில் நாயனக்காரர் மூச்செடுக்க நிறுத்துவார். தவில் ஓய்ந்து நிற்கும். தாளம் கூட ஆலாபனையின்போது இருக்காது. ஆனால் ஒத்து நிற்காது. விரல் துளைகள் இல்லாத, நாகசுரம் போன்றே தோன்றும் அந்தக் குழலை ஊதுகிறவர், கன்னத்தில் காற்றை நிறைத்துக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே சுருதியை அறுபடாமல் மணிக்கணக்கில் ஊதிக்கொண்டிருப்பார். இப்போது பல மேளங்களில் அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. அப்பாவின் பழைய கேசட்டுகளில் ஒத்துதான் இருக்கிறது. எனவே கோப்பை எங்கே வெட்டினாலும் ஒத்து அறுபடுகிறது. நாயனம் ஓய்ந்திருக்கும் இடமாகப் பார்த்து வெட்டினாலும் காது அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறது. எம்பி3 வடிவமே ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 26 மில்லி விநாடியாக, அடுக்கி வைக்கும் முறை. கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனம் தானாகச் சேர்ந்துவிடுகிறது. அதோடு அடுத்த கோப்பைத் தேடித் திறக்க பிளேயர் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேர்ந்தால், நிற்கக் கூடாத ஒன்று நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும்.

எனவே ஆலாபனைகளைத் துண்டாக்குவதை முற்றாக நிறுத்தினேன். ராகம் தொடங்குவதற்கு முந்தைய நொடியிலிருந்து, கீர்த்தனை எடுக்கத் தவில்காரர் முதல் சொல் கொடுக்கும் இடம் வரை ஒரே கோப்பு. அது 38 நிமிடமானாலும் சரி. அந்த முதல் அடி விழும் இடத்தில் வெட்டினால், தவிலின் முழக்கம் அறுபட்ட ஒத்தை மறைத்துக்கொள்கிறது. மல்லாரி தனிக் கோப்பு, கீர்த்தனை தனிக் கோப்பு, தனி ஆவர்த்தனம் தனிக் கோப்பு. கேசட்டின் ஒரு பக்கத்தை முழு எம்பி3-ஆக மாற்றிக்கொண்டு, எம்பி3 டைரக்ட்கட் என்ற நிரலால் வெட்டினால், மறுபடியும் சுருக்காமல் சட்டங்களுக்கு இடையிலேயே அது பிரித்துக் கொடுக்கும்; தரம் குறையாது. நீண்ட கோப்பில் ஒரு சங்கடம் உண்டு. சில பிளேயர்கள் விட்ட நொடியை நினைவில் வைக்காமல், கோப்பின் தொடக்கத்துக்கே போய்விடும். அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். என் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

வரிசை குலைந்ததற்கான காரணம் வேறு. கணினித் திரையில் கோப்புகள் பெயர் வரிசையில் தெரிகின்றன. அது கணினி நமக்காக அடுக்கிக் காட்டுவது. ஃபேட்32 கார்டினுள் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எது முதலில் எழுதப்பட்டதோ அது அதில் முதலில் நிற்கும். என் பிளேயர் பெயரைப் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ளபடி வாசித்துக்கொண்டு போகிறது. ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினால், காலியான இடத்தில் புதியது போய் உட்கார்ந்துகொள்ளும். பெயரை மாற்றுவதால் மட்டும் பயனில்லை. கார்டை ஃபார்மட் செய்து, கோப்புகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுவது எளிய வழி. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபேட்சார்ட் என்ற கட்டளையால் பட்டியலையே பெயர் வரிசைக்கு மாற்றிவிடலாம்; நான் அதைத்தான் செய்கிறேன். பெயரின் முன்னால் 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போட வேண்டும். இல்லையேல் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

ஒலியின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகசுரத்தையும் அம்மாவுக்குப் பிடித்த தேவாரப் பதிவுகளையும் ஒரே கார்டில் வைத்தால், தேவாரம் கேட்பதற்காகக் கூட்டிய ஒலி அடுத்து வரும் தவிலில் வண்டியையே அதிர வைக்கும். எம்பி3கெயின் என்ற நிரல், ஒலிக் கோப்பை மறுபடி சுருக்காமலே அளவை 1.5 டெசிபெல் படிகளாக ஏற்றி இறக்கிச் சமன் செய்கிறது. அதன் இயல்பான அளவு 89 டெசிபெல். நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன். மந்திர ஸ்தாயியில் மெல்லத் தொடங்கும் ராகங்கள் மட்டும் சாலை இரைச்சலில் இன்னும் கொஞ்சம் அமுங்கித்தான் போகின்றன. அதற்காக மெல்லிய இடங்களைத் தூக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த இடம் வந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன்.

மனத்துக்கு மிகவும் வருத்தம் தந்தது திரையில் தமிழ் வராததுதான். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், பிளேயரின் திரையில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிகிறது. கோப்புக்குள் ஒருங்குறியில் தமிழை எழுதி வைக்க முடியும். அதைக் காட்ட வேண்டிய எழுத்துரு கருவியில் இல்லை. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிக்குள் தோடி என்று தமிழில் எழுதிக் காட்ட ஒரு கருவிக்கு வசதி செய்யாமல் விற்கிறார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேறு வழியின்றிக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். திரையில் ஓடும் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க அப்பாவின் கண் இடங்கொடுக்காது. ஆகையால் ஃபோல்டர்களுக்கு எண் கொடுத்து, ஒரு முழுத்தாளில் எண்ணும் ராகமும் ஆண்டும் எழுதித் தரும்படி அப்பாவையே கேட்டுக்கொண்டேன். கணக்கெழுதிப் பழகிய அவருடைய கையெழுத்தில், 'கல்யாணி - தேரடி - 86, மழை வந்தது' என்பது போன்ற குறிப்புகளோடு இரண்டு பக்கம் வந்தது. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறோம். அவர் எண்ணைச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் போடுவார். ஓட்டுகிறபோது நான் பொத்தானைத் தொடுவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. கேசட்டின் முதல் பக்கம் 45 நிமிடத்தில் தீர்ந்துபோகும். ராகம் அதற்காகக் காத்திருக்காது. கூட்டத்தின் நடுவில், இருட்டில், கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டு மறுபடி பொத்தானை அழுத்துவதற்குள் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ போய்விட்டிருக்கும். அந்த முதல் நாளைய தோடியிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. முதல் பக்கத்தின் கடைசி ஒலியும் இரண்டாம் பக்கத்தின் முதல் ஒலியும் தற்செயலாகப் பஞ்சமத்தில் அமைந்திருந்ததால், ஒன்று மங்கும்போதே மற்றது எழும்படி இரண்டையும் இழைத்து, ஒத்து துளியும் அறுபடாமல் ஒட்டிவிட்டேன். தெரியாதவர்களுக்கு அங்கே ஓர் ஒட்டு இருப்பதே புலப்படாது. திருவிடைமருதூர்த் தேரடியைக் கடக்கும்போது அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இது எங்க போச்சு? இங்கதான் நான் கேசட்ட திருப்புனேன். அதுக்குள்ள அவரு நிஷாதத்துக்குப் போயிட்டு வந்தாரு. அத நான் காதால கேட்டேன், பெட்டியிலதான் விழல. போனது போனதுன்னு தெரியணும், தம்பி. ஒட்டிப் போட்டா அவரு அத வாசிக்கவே இல்லன்னு ஆயிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒட்டைப் பிரித்து, அந்த இடத்தில் இரண்டு நொடி மௌனத்தை வைத்தேன். கேசட் திரும்பிய மற்ற இடங்களிலும் அதே இரண்டு நொடி இருக்கிறது. எங்கள் அலட்சியத்தால் அறுபடும் இடம் கார்டில் இப்போது ஒன்றும் இல்லை. கேசட் தீர்ந்து அறுந்த இடங்கள் மட்டும் இருக்கின்றன.

நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து இன்றும் நாகசுரம் செய்கிறார்கள். அதற்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர் வரும்போது 12-ஐப் போடச் சொல்வது அப்பாவுக்கு வழக்கமாகிவிட்டது. கேசட்டில் வாசித்தவரின் நாயனம் அங்கே கடைந்ததுதானாம். சாலையோரத்தில் நிறுத்திவிட்டு ஒரு நாள் முழு ஆலாபனையையும் கேட்டோம், 26 நிமிடம். வெயில் கடுமையாக இருந்தது. அந்தச் சூட்டில் கேசட் என்றால் வளைந்துவிடும். கார்டுக்கு 85 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று அதன் விவரக்குறிப்பில் போட்டிருக்கிறது. ஆனாலும் கோடைக்காலத்தில் வண்டியை வெயிலில் விட்டுப்போனால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். கழற்றுவதற்கு முன் பிளேயரை ரேடியோவுக்கு மாற்றிவிட வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே உருவினால் பட்டியல் கெட வாய்ப்பிருக்கிறது.

திருத்துறைப்பூண்டியில் இருக்கும் தங்கைக்கும் ஒரு கார்டு தயாராகிறது. அவளுடைய வண்டி புதியது. கார்டு செருகும் இடமே இல்லை, யுஎஸ்பி துளை மட்டும் இருக்கிறது. கட்டைவிரல் அளவில் ஒரு கார்டு ரீடர் வாங்கி அதில் செருகிக் கொடுத்தேன். அந்த வண்டியின் பிளேயர் பட்டியலைப் பார்க்காமல் பெயர் வரிசையில் வாசிக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்தினால் நொடியை மறந்துவிடுகிறது. 38 நிமிடத் தோடியில் பாதி கேட்டு இறங்கினால், திரும்ப ஏறும்போது முதலிலிருந்து வருகிறது. அவளுக்காக ராகத்தை இரண்டாகப் பிரிப்பதா, அப்படியே விடுவதா என்று அவளையே கேட்டேன். பிரிக்க வேண்டாம், முதலிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்பா அவளுக்கென்று தாளை மறுபடி ஒரு பிரதி எழுதிக்கொண்டிருக்கிறார். 19-ஆம் எண் வரை வந்திருக்கிறது.